நடுச்சீட்டும் கடைசிச் சீட்டும்

ஒரு ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே வருமானம் என்று எழுதிக்கொண்டு வந்த மேதாவி நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பொருளாதாரத்தில் எம்.ஏ., அதற்கு மேல் பி.எட். என்று எல்லாம் முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஆசிரியை வேலைக்காகக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் போதும், "இன்னும் ஒண்ணும் அமையலியா?" என்று கேட்க கோயில் வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். வேலையைக் கேட்கிறார்களா மாப்பிள்ளையைக் கேட்கிறார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். அந்த வாசலுக்குப் பயந்துதான் கிடைத்த வேலைக்குப் போனேன்.

கிடைத்தது ஒரு ஆய்வு வேலை. தாமிரபரணிக் கரையோரத்துக் கிராமங்களில் ஒரு குடும்பத்தின் வருமானம் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகிறது என்று மதிப்பிட வேண்டும். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்த கையோடு ஒவ்வொரு வருஷமும் அதே ஊருக்குப் போய், அதே வீடுகளில், அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பேருந்துக் காசும் படியும் உண்டு. அதைவிட முக்கியம், ஆய்வை நடத்திய பேராசிரியரின் சிபாரிசுக் கடிதத்துக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நல்ல மதிப்பு இருந்தது. அந்தக் கடிதத்தின் மேல்தான் எனக்குக் கண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பேராசிரியர் ஸார் எங்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. மேஜை மேல் சீட்டுகளைப் பரப்பி வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு. பெயர் கிடையாது, கதவு எண்ணும் வருமானமும் மட்டும்.

"சராசரி எடுத்தா ஏமாந்து போவோம். ஊருல ஒரு அரிசி மில்லுக்காரன் இருந்தா போதும், சராசரியில பிச்சைக்காரனும் பாதி மில்லுக்குச் சொந்தக்காரனாயிருவான். அதனால எல்லாரையும் குறைஞ்சதுலேர்ந்து கூடினது வரைக்கும் வரிசையா அடுக்கணும். நட்டநடுவுல வாற சீட்டு எதுவோ, அதுதான் ஊரோட இடைநிலை வருமானம். கடைசிச் சீட்டுல லட்சம் இருந்தா என்ன, கோடி இருந்தா என்ன? நடுச்சீட்டு அசையாது."

நடுச்சீட்டு அசையாது என்பதை ஏதோ மனப்பாட வசனம் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பொருள் எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று.

எனக்கு ஒதுக்கிய ஊர் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே நடந்தால் வரும். சின்ன ஊர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அட்டையும் பேனாவுமாகப் போய் நின்றதும் எல்லாரும் என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அட்டையோடு வருகிற பெண் வேறு யாராக இருக்க முடியும்? நானும் மறுக்கவில்லை. வேலை கிடைக்குமுன் பட்டமாவது கிடைத்ததே என்று சந்தோஷம்.

முதல் வீட்டில் ஒரு தொகை சொன்னார்கள். இரண்டாம் வீட்டில் அதே தொகை. மூன்றாம் வீட்டில் நான் கேள்வியை முடிக்குமுன்னே அதே தொகை வந்தது. புருஷன் இல்லாமல் முதியோர் பென்ஷனில் இருந்த இரண்டொரு பேர் மட்டும் அதற்குக் கீழே சொன்னார்கள். மற்றபடி ஓட்டு வீடு, காரை வீடு, மாடி வீடு, எல்லாம் ஒரே தொகைதான். வாசலில் கார் நின்ற அரிசி மில் அண்ணாச்சியும் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அதையே சொன்னார்.

"மில்லு இருக்கே அண்ணாச்சி?" என்றேன்.

"மில்லு எங்கன டீச்சர் ஓடுது? கரண்டு இருந்தா நெல்லு இல்ல, நெல்லு இருந்தா கரண்டு இல்ல. அது பாட்டுக்கு நிக்கி. நீங்க நான் சொன்னதை எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். மேலும் துருவிப் பார்க்கலாம் என்று, "வருமானம்" என்ற சொல்லை விட்டுவிட்டு "வரும்படி எவ்வளவு?" என்று ஒரு ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியரிடம் கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் கை நீட்டிச் சம்பாதிச்சவன் இல்லம்மா. ஊருல யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றோடு அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

திரும்பி வந்து சீட்டுகளை அடுக்கினேன். அடுக்க என்ன இருக்கிறது? அடியில் இரண்டு மூன்று சீட்டு, மேலே ஒரே தொகை எழுதின ஒரு கட்டு. ஸார் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஊரே ஒரே ஆபீசுல வேலை பாக்குதா?"

ஏரல் பக்கம் போய்வந்த இன்னொருவரும் இதே கட்டோடுதான் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து அர்ச்சனை நடந்தது. மறுபடி போய்க் கேட்டு வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டே தொகை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது சர்டிபிகேட் தொகைல்லா!"

பீரோவைத் திறந்து, என்னுடைய பழைய காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்காக வாங்கின வருமானச் சான்றிதழ். தாசில்தார் முத்திரையோடு, அதே தொகை. உதவித்தொகைக்கு என்று வைத்த உச்சவரம்புக்குச் சற்றே கீழே. சைக்கிள் கடை அந்தக் காலத்தில் அப்படியொன்றும் மோசமாக ஓடவில்லை. நான் ஏதோ கெட்டிக்காரத்தனத்தால் படித்து முடித்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தக் காகிதமும் கூடச் சேர்ந்துதான் படிக்க வைத்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் யாரும் பொய் சொல்லவில்லை. நெல் வந்தால் அது விளைச்சல். நடவுக்குப் போனால் கூலி. மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் மகள் அனுப்பினால் அது "பிள்ளை அனுப்புதது". மாடு கறந்தால் பால் காசு. வருமானம் என்ற சொல்லுக்கு அவர்களிடம் ஒரே பொருள்தான்: தாசில்தார் முத்திரை போட்டுக் கொடுத்த காகிதத்தில் இருக்கிற தொகை. நான் அதைத்தானே கேட்டேன், அவர்களும் அதைத்தானே சொன்னார்கள்.

இதை ஸாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். என் வீட்டு பீரோவைத் திறக்க வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டேன்.

மறுபடி போனபோது கேள்வியைப் பிரித்துப் பிரித்துக் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் மசியவில்லை. "அதான் அன்னைக்கே சொல்லியாச்சே" என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். நான்கு நாள் அலைந்ததில் ஒரே ஒரு வீடுதான் இணங்கியது.

அந்த வீட்டு அக்கா அப்பளம் இடுகிறவர். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாவு கொடுத்துவிடுவார்கள். இட்டு, உலர்த்தி, அடுக்கிக் கொடுத்தால் எடைக்கு இவ்வளவு என்று கூலி. அவர் வீட்டுக்காரருக்கு வாய்க்காலை ஒட்டி ஒரு துண்டுக் குத்தகை வயல். வயலில் வேலை இல்லாத மாதங்களில் செங்கல் சூளைக்குப் போவார். ஒரே மகள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நல்லாப் படிக்கிற பிள்ளை. அவளைப் பாளையங்கோட்டையில் அரசு விடுதியில் சேர்த்து, பிளஸ் டூ முடிக்க வைத்து, நர்ஸ் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே திட்டம்.

நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து ஒரு குழவியை எடுத்துக்கொண்டேன். நான் இட்ட முதல் அப்பளத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது எந்த ஊரு மேப்புக்கா?"

"ஏட்டி, சும்மா இரி. டீச்சர், பைய தேய்க்கணும். அழுத்தப்படாது."

பத்து அப்பளம் இடுவதற்குள் பேச்சு வந்துவிட்டது. பத்து அப்பளத்தில் ஒன்றுகூட வட்டமாக வரவில்லை என்பது வேறு விஷயம். எத்தனை மரக்கால் நெல் வந்தது, குத்தகை அளந்தது போக எத்தனை மிச்சம், சூளையில் எத்தனை நாள், அப்பளத்துக்கு மாதம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சட்டென்று குழவியை நிறுத்தினார்.

"இதெல்லாம் எங்கன போவும் டீச்சர்? பிள்ளைக்கு சர்டிபிகேட் வாங்கணும். ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிராதே?"

"பேரே எழுத மாட்டோம் அக்கா. கதவு நம்பர் மட்டும்தான். இது எங்க ஸாரைத் தாண்டி எங்கயும் போகாது."

"சத்தியமா?"

எங்கள் வீட்டில் சத்தியம் பண்ணக் கூடாது என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். நான் பண்ணினேன். அவரும் உள்ளதை உள்ளபடி சொன்னார். கூட்டிப் பார்த்தால் சான்றிதழ்த் தொகையைவிடக் கூடுதல். பெரிய கூடுதல் இல்லை. இரண்டு பேர் வருஷம் முழுக்க உழைத்தால் வருகிற அளவுக்குக் கூடுதல், அவ்வளவுதான்.

மறுபடி சீட்டுகளை அடுக்கினேன். அடியில் அந்த இரண்டு மூன்று. நடுவில் அந்தப் பெரிய கட்டு. கட்டுக்கு மேலே, தன்னந்தனியாக, கடைசிச் சீட்டாக, அப்பளக்கார அக்காவின் வீடு. அரிசி மில், மாடி வீடு எல்லாவற்றையும் தாண்டி அந்த ஊரின் பெரிய பணக்காரி அவர்தான். உண்மை சொன்ன ஒரே வீடு என்பதால் வந்த பெருமை.

எனக்கு அப்போது அதன் விபரீதம் உறைக்கவில்லை. ஸார், "பரவாயில்ல, ஒரு வீட்டையாவது பேச வச்சிருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத் தலைகால் புரியவில்லை எனக்கு. இன்னொன்றையும் நான் யோசித்திருக்க வேண்டும். அந்தச் சீட்டு வருமுன்னும் நடுச்சீட்டில் சான்றிதழ்த் தொகைதான், வந்த பின்னும் சான்றிதழ்த் தொகைதான். ஸார் சொன்னபடியே நடுச்சீட்டு ஒரு ரூபாய்கூட அசையவில்லை. அக்கா சொன்ன உண்மையால் எங்கள் கணக்குக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது.

அந்த ஜூனில் பிள்ளை பாளையங்கோட்டைக்கு வந்து விடுதியில் சேர்ந்துவிட்டாள். மறுவருஷம் பிசானம் முடிந்து நான் போனபோது ஊரின் வருமானம் ஏறியிருந்தது. எல்லா வீட்டிலும், ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு. அரசாங்கம் உச்சவரம்பைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தது, வேறொன்றும் இல்லை. அக்காவின் வீட்டில் மட்டும் குறைந்திருந்தது. கார் பருவத்து நெல் சரியாக விளையவில்லை; சூளையும் பாதி நாள் நின்றுவிட்டது. ஆனாலும் அதை உள்ளபடி சொன்னார். குறைந்த பிறகும் அவர் சீட்டுதான் கடைசிச் சீட்டு.

கிளம்பும்போது ஒரு பையைக் கையில் கொடுத்தார். விடுதியில் இருக்கும் மகளுக்கு அப்பளமும் இட்லிப்பொடியும்.

"விடுதிச் சோறு அவளுக்கு எறங்க மாட்டேங்கு டீச்சர். உங்களுக்குப் போற வழிதானே."

போகிற வழி இல்லை. ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு முன்னால், அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் போனேன். வீடுகளின் எண்ணிக்கையை அவருடைய பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை. பதிவேட்டைப் பார்த்தோமா, வந்தோமா என்று இருந்திருக்கலாம்.

வி.ஏ.ஓ. நல்ல மனிதர். பதிவேட்டை எடுத்துக் கொடுத்து, காபிக்குச் சொல்லியனுப்பி, "என்னதான் ஆராய்ச்சி பண்ணுதிய, நாங்களும் தெரிஞ்சுக்கிடுதோம்" என்றார். இப்படி ஒருவர் கேட்டால் சும்மா இருக்க என்னால் ஆகாது. டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் புத்தியே வந்துவிட்டது. வீடுகளை வருமான வரிசையில் எழுதியிருந்த தாளை அவர் மேஜையில் விரித்து, இடைநிலை என்றால் என்ன என்று வகுப்பெடுத்தேன். நடுவில் விரலை வைத்து, "இதுதான் ஊரோட வருமானம்" என்றேன்.

அவர் விரல் நடுவில் நிற்கவில்லை. பைய கீழே இறங்கிக் கடைசி வரிக்குப் போயிற்று.

"அப்ப இது?"

"அதுதான் அதிகம்" என்றேன், சரியான விடை சொன்ன பிள்ளையாக.

அவர் அந்தக் கதவு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஊரின் வி.ஏ.ஓ.வுக்குக் கதவு எண் என்றால் பெயர்தான் என்பது ஒரு எம்.ஏ.வுக்குத் தெரியவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார். காபி வந்தது, குடித்தேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்ன ஞாபகம். காலடியில் அப்பளப் பை இருந்தது.

மூன்றாம் வருஷம் நான் போனபோது அக்காவின் வீட்டில் அப்பளப் பலகை இரண்டாக இருந்தது. ஒன்றின் முன் அக்கா. இன்னொன்றின் முன் மகள். பள்ளிக்கூடம் நடக்கிற மாதம்.

"லீவா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி என்று வாய் மூடுமுன்னே தெரிந்துவிட்டது.

அக்காதான் சொன்னார். பிளஸ் டூவுக்கு விடுதியில் தொடர வேண்டுமானால் ஜூனில் புதுச் சான்றிதழ் வேண்டும். தாசில்தாருக்குப் போகுமுன் போட வேண்டிய கையெழுத்தை வி.ஏ.ஓ. போட மறுத்துவிட்டார். "உன் வீட்டு வருமானம்தான் ஊருலயே பெருசுன்னு சர்வேயில எழுதியிருக்கு. நாளைக்கு ஒருத்தன் கேட்டா என் வேலை போயிரும்" என்றாராம். இவர் அழுதிருக்கிறார். வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் நடந்திருக்கிறார். விடுதியில் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே தங்கவைத்துப் படிக்கவைக்க இவர்களுக்கு ஏது வழி?

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"உங்க வீடு எங்கன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதே டீச்சர்."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். மூன்று வருஷமாக அவர்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் நான் எழுதி வைத்திருந்தேன். என் தெருப் பெயரைக்கூட அவர்களுக்குச் சொன்னதில்லை.

நேரே வி.ஏ.ஓ.விடம் போனேன். சண்டை போடும் கோபத்தோடுதான் போனேன். அவர் நாற்காலியைக் காட்டி, நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"நான் என்னம்மா செய்ய? நான் குறைச்சுப் போட்ட தொகையை நீங்க கூட்டி எழுதி, அதைக் கொண்டாந்து என் மேசையிலயே விரிச்சுக் காட்டிட்டிய. காகிதத்துல இல்லாத வரைக்கும் நான் பாக்காத மாதிரி இருந்துக்கிடுவேன். பாத்தப் பொறவு எப்படிக் கையெழுத்துப் போட?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரே வழியும் சொன்னார்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்த வீட்டுத் தொகையைத் தப்பா எழுதிட்டேன்னு, உங்க கையெழுத்துல. நான் ஃபைல்ல வச்சுக்கிடுதேன். வாற ஜூனுக்குப் பிள்ளை போய்ச் சேரட்டும். ஒரு வருஷம்தானே போச்சு."

வெள்ளைத்தாளும் கொடுத்தார். நான் தேதி எழுதினேன். அதற்குக் கீழே பேனா ஓடவில்லை.

தப்பு என்று எப்படி எழுதுவது? அந்த ஊரில் நான் எழுதினதில் தப்பில்லாத ஒரே தொகை அதுதானே என்று எனக்குள் ஒரு வீறாப்பு. உண்மையைச் சொல்கிறேன், அந்த வீறாப்பு வெறும் முகப்பூச்சு. உள்ளே இருந்தது வேறு. கணக்கில் தப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஸார் காதுக்குப் போனால் சிபாரிசுக் கடிதம் என்னாவது? அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன்.

"எங்க ஸார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதித் தாறேன்" என்றேன்.

"கேளுங்க. ஆனா ஜூனுக்குள்ள" என்றார் அவர்.

திரும்ப அக்காவின் வீட்டுக்கு வந்தேன். சீட்டு இன்னும் எழுதவில்லை. இப்படியெல்லாம் ஆன பிறகும் சீட்டை நிரப்பத்தான் வேண்டும், அதற்குத்தான் சம்பளம். அக்கா காபி போட்டுக் கொடுத்தார். முகம் கோணவில்லை. "நீங்க வேணும்னேவா செய்விய?" என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"இந்த வருஷம் என்ன எழுதட்டும் அக்கா?"

"எல்லாரும் என்ன சொல்லுதாவளோ, அதையே எழுதுங்க."

எழுதினேன். அதுவரை மாவை உருட்டிக்கொண்டிருந்த பிள்ளை தலை நிமிராமல் கேட்டாள்.

"நீங்க காலேஜுல படிக்கையில உங்க வீட்டுல எவ்வளவுக்கா போட்டிருந்தாவ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்து எனக்கு உண்மைதான் வந்தது. உச்சவரம்பு ஏறுவதற்கு முன்னிருந்த அந்தப் பழைய தொகையைச் சொன்னேன். முதல் வருஷம் அந்த ஊரே எனக்குச் சொன்ன தொகை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டால் பிள்ளைகள் முகம் தெளியுமே, அப்படித்தான் இருந்தது.

"அப்ப அதையே எங்களுக்கும் போட்டிருக்கலாம்லாக்கா" என்றாள்.

அவள் அம்மா, "ஏட்டி" என்று அதட்டினார். அவள் மறுபடி மாவில் குனிந்துகொண்டாள். நான் இட்டால் மேப்பு என்று சிரித்தவளின் அப்பளம் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் வட்டமாக வந்துகொண்டிருந்தது. அவ்வளவு வட்டமாக வர எத்தனை மாதம் இட வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷச் சீட்டுகளை அடுக்குவது சுலபமாக இருந்தது. கட்டுக்கு மேலே தனிச்சீட்டு எதுவும் இல்லை. ஸார் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒழுங்கா இருக்கு" என்றார். அவரிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே மேஜையைத் திறந்து, எனக்கான கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கடிதம்தான் கைக்கு வந்துவிட்டதே, இனிமேலாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். ஏப்ரலில் போகலாம் என்று நினைத்தேன். மே மாதம் வேலை உத்தரவு வந்தது. சேலை எடுக்க, சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைக்க என்று அந்த மாதமும் ஓடியது. ஒரே ஒரு வரி. கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு பேருந்து.

ஜூன் மாதம் பிளஸ் டூ வகுப்புக்கு ஆசிரியையாகப் போய் நின்றேன். முதல் நாளே தலைமையாசிரியை கூப்பிட்டு, விடுதிப் பிள்ளைகளின் வருமானச் சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்து, ஒவ்வொன்றிலும் சின்னக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடச் சொன்னார். வகுப்பாசிரியையின் வேலையாம்.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து காகிதத்தை மேஜையில் வைத்தார்கள். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், ஏரல், எந்தெந்த ஊரோ. எல்லாவற்றிலும் ஒரே தொகை. அடுக்கினால் நடுவில் எது வந்தாலும் ஒன்றுதான்.

ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்குப் பேனா எங்குமே நிற்கவில்லை.